வெடித்த அடுப்பை எறிந்துவிடாதீர்கள்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லாந்தை மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. இப்படி வீட்டை இழந்து வரும் குடும்பம் புதிய இடத்தில் முதலில் தேடுவது மூன்று கற்களைத்தான். ஆனால் மூன்று கல் அடுப்பு விறகை வீணாக்கும். சமைப்பவரின் கண்ணையும் நெஞ்சையும் புகை வாட்டும்.

1980களில் இலங்கை மின்சார சபையின் விறகு சேமிப்புத் திட்டத்தின் வழியாகப் பரவிய 'அனகி' அடுப்பு இதற்கு நல்ல மாற்று. சூளையில் சுட்ட ஒரே களிமண் கூடு. ஒரு தீயில் இரண்டு சட்டி வைக்கலாம். 2022இல் எரிவாயு கிடைக்காமல் போனபோது பட்டணத்தாரும் விறகடுப்புக்குத் திரும்பினார்கள்.

இக்கூட்டை வெறுமனே வைத்துப் பாவித்தால் ஏறக்குறைய ஒரு வருடமே தாங்கும். சுற்றிலும் மண் பூசினால் மூன்று வருடமும் அதற்கு மேலும் உழைக்கும். ஆகவே பூச்சுதான் அடுப்பின் ஆயுள்.

மாதம் ஒருமுறை, அடுப்பு நன்றாக ஆறிய பின் மூன்று இடங்களைப் பாருங்கள்.

1. விறகு வாய்: விறகை இடித்துத் தள்ளுவதால் முதலில் உடைவது இதன் விளிம்பே. கவ்வாத்து மிலாரை நன்றாகக் காயவைத்து, சிறிதாக முறித்து வையுங்கள்.

2. சட்டி தாங்கும் குமிழ்கள்: இவை தேய்ந்தால் சட்டி கீழே இறங்கி, தீக்கு மூச்சு முட்டும், புகை வாய்வழியே திரும்பும். களிமண்ணால் மீண்டும் உயர்த்திவிடுங்கள்.

3. இரண்டு குழிகளுக்கும் நடுவிலுள்ள வழி: சாம்பலும் கரியும் அடைத்தால் இரண்டாம் சட்டி கொதிக்காது. குச்சியால் கிளறி எடுங்கள்.

பூச்சு மண் செய்யும் விதம்: புற்று மண்ணை நனைத்து, நறுக்கிய காய்ந்த புல்லும் சாணமும் சேர்த்துப் பிசையுங்கள். கயிறுபோல் உருட்டும்போது உடைந்தால் மணல் கூடுதல். காய்ந்தபின் மிகவும் வெடித்தால் புல் போதாது. வெடிப்பை நீரால் நனைத்த பிறகே மண்ணை அழுத்துங்கள். சூடான அடுப்பில் ஒருபோதும் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

கூடே பிளந்துவிட்டால் கூட்டை மட்டும் மாற்றினால் போதும். பழைய பூச்சைப் பெயர்த்து ஊறவைத்து மீண்டும் பிசையலாம். உடைந்த ஓட்டை இடித்துத் தூளாக்கிக் கலந்தால் புதிய பூச்சு அதிகம் வெடிக்காது. புதிய கூட்டின் வெளிப்புறத்தை நனைத்து, நான்கு விரல் கனத்துக்குப் பூசி, நிழலில் சில நாள் காயவிடுங்கள். பிறகு சிறு தீயில் தொடங்குங்கள்.

அடுப்பு திருத்தினாலும் புகை முற்றாக நீங்காது. கூரையோரம் புகை போக வழி விடுங்கள். மண் குழைக்கும் வேலையை வீட்டுப் பெண்களிடம் மட்டும் விட வேண்டாம். கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, அதே கையால் சமைப்பவர்கள் அவர்கள். ஒரு ஞாயிறு பின்னேரம் ஆண்களும் பிள்ளைகளும் கூடினால் ஒரு அடுப்பு திருந்திவிடும்.