கடல் எங்கடா போச்சு?

"கடலைக் காட்டுறேன்னு கூட்டிட்டு வந்து சேத்தைக் காட்டுறியே, கடல் எங்கடா போச்சு?" என்று அம்மா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. ஜெர்மனியின் வடமேற்கு மூலையில், நார்டைஷ் கடற்கரையில் நின்றுகொண்டிருந்தோம். கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் ஈரச் சேறுதான். என் மகளுக்கு மட்டும் ஒரே குஷி.

மதுரைக்காரனுக்குத் தீவு என்றால் ராமேஸ்வரம். அங்கே பாக் நீரிணையில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்குள் முடிந்துவிடும், யாரும் கவனிப்பதுகூட இல்லை. வடகடலில் அது ரெண்டரை மீட்டர். சுமார் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கடல் வற்றும், பிறகு ஏறும். நேரமும் தினமும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். ஹோட்டல் விலையை நாலு தளத்தில் ஒப்பிட்டுப் பார்த்த நான், இந்த அட்டவணையைப் பார்க்கவே இல்லை. பொறியியல் படித்து என்ன பிரயோஜனம்?

ஊரிலிருந்து அப்பா அம்மா வரும்போது "ஒரு தீவுக்குப் போகலாமே" என்று யோசிக்கிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். முதலில் எந்தக் கடல் என்று முடிவு செய்யுங்கள். நார்டர்னை, யூஸ்ட், ஸில்ட் எல்லாம் வடகடல். ரூகன், ஊஸடோம் பால்டிக் கடல். பால்டிக்கில் ஏற்றவற்றம் இல்லை என்றே சொல்லலாம், அலையும் பெரும்பாலும் சாது. சின்னக் குழந்தையோடு முதல்முறை போகிறவர்களுக்கு என் ஓட்டு அதற்குத்தான். நார்டர்னையிலும் வடக்குப் பக்கக் கடற்கரையில் எப்போதும் கடல் இருக்கும். நிலத்தைப் பார்த்த தெற்குப் பக்கம்தான் வற்றிச் சேறாகும். யூஸ்ட்டுக்குப் போகும் கப்பலே கடல் ஏறும் நேரத்தைப் பார்த்துத்தான் கிளம்பும். அங்கே கார் கிடையாது, குதிரை வண்டிதான்.

அந்தச் சேற்றுக்கு இங்கே 'வாட்' என்று பெயர். 2009 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். அதன் அருமை புரிவதற்கு முன்னால் எனக்குப் பயம்தான் புரிந்தது.

இரண்டாம் நாள் சாயங்காலம் தீவின் தெற்குப் பக்கம் மகளோடு இறங்கினேன். சிப்பி பொறுக்கிக்கொண்டே போனோம். தூரத்தில் தண்ணீர் எதிரேதான் தெரிந்தது, "வந்தால் திரும்பிவிடலாம்" என்று நினைத்தேன். கரையிலிருந்து ஒரு பெரியவர் கையை ஆட்டிக் கத்தினார். திரும்பிப் பார்த்தால், வரும்போது காலைக்கூட நனைக்காத ஒரு பள்ளத்தில் எங்களுக்குப் பின்னால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கடல் முன்னாலிருந்து மட்டும் வருவதில்லை. 'பிரீல்' எனப்படும் வாய்க்கால்களில்தான் முதலில் நிறைகிறது, கரைக்கும் உங்களுக்கும் நடுவில். மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடந்தபோது தொடை வரை தண்ணீர், நல்ல இழுப்பு. இன்னும் கால் மணி நேரம் ஆகியிருந்தால் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்க விரும்பவில்லை. அம்மாவிடம் "கால் நனைஞ்சிடுச்சு" என்று மட்டும் சொன்னேன்.

வாட்டில் நடக்க ஆசையா? அனுமதி பெற்ற வழிகாட்டிகள் கூட்டமாக அழைத்துப் போகிறார்கள், அவர்களோடு போங்கள். தனியாக வேண்டாம். குளிப்பதற்குக் கொடியைப் பாருங்கள்: சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த கொடி பறந்தால் காவலர்கள் இருக்கிறார்கள், மஞ்சள் மட்டும் என்றால் குழந்தைகளும் நீச்சல் தெரியாதவர்களும் இறங்கக் கூடாது, சிவப்பு மட்டும் என்றால் யாருமே இறங்கக் கூடாது. அவசர எண் 112.

செலவு விஷயம். 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்த டாய்ச்லாண்ட் டிக்கெட் இப்போது 63 யூரோ. அதை வைத்துக்கொண்டு நார்டைஷ் துறைமுகம் வரைக்கும், ஏன், 1927இல் கடலுக்குக் குறுக்கே போட்ட அணை வழியாக ஸில்ட் தீவுக்குள்ளேயும் லோக்கல் ரயிலில் போகலாம். (நம்ம பாம்பன் பாலம் 1914, அப்பா இதை மூன்று முறை நினைவுபடுத்தினார்.) நார்டர்னை கப்பலுக்குத் தனி டிக்கெட். பெற்றோருக்காக வாங்கினால், மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்ய மறக்காதீர்கள். சந்தா அது, அடுத்த மாதமும் பணம் பிடித்துவிடும்.

வீடு வாடகைக்கு எடுப்பது நல்லது, சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு வேறு வழியில்லை. குக்கரையும் ரசப்பொடியையும் பையில் போடுங்கள். போர்வை, கடைசிநாள் சுத்தம் செய்யும் கட்டணம், ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று வாங்கும் குர்டாக்ஸ் வரி எல்லாம் விளம்பர விலைக்கு மேலே வரும், முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

காற்று பலமாக அடிக்கும், ஜூலையிலும் ஜெர்கின் வேண்டும். மணலில் வரிசையாக நிற்கும் கூடை நாற்காலிகளில் ஒன்றை நாள் வாடகைக்கு எடுங்கள். 1882இல் ரோஸ்டாக்கில் ஒரு கூடை முடைபவர், மூட்டுவலிக்கார அம்மையார் ஒருவருக்காகச் செய்த நாற்காலி அது. நம்ம அம்மாக்களுக்கும் மூட்டுவலிதானே. என் அம்மா அதற்குள் சால்வையைப் போர்த்திக்கொண்டு, ஃபிளாஸ்க்கில் கொண்டுபோன டீயோடு, மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கிட்டே வந்ததும் கூப்பிட்டார்: "வந்துடுச்சுடா!"