ஐந்து ஸ்டார் எப்படி ஒரு ஸ்டார் ஆனது?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் டேனரியில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. ஒரு வாங்குபவருக்கு முதல் செலக்‌ஷனில் போன தோல், இன்னொருவரின் ஆர்டரில் மூன்றாம் செலக்‌ஷனுக்கு இறங்கிவிடும். தோல் மாறவில்லை. தரம் பிரிக்கும் மேசையில் அளவுகோல் மாறிவிட்டது.

வீட்டில் இருக்கும் ஃபேன், ஃபிரிட்ஜ், ஏசி மேல் ஒட்டியிருக்கும் ஸ்டார் லேபிளும் அப்படித்தான். எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2001இல் வந்தது. அடுத்த ஆண்டு அதன் கீழ் எரிசக்தித் திறன் அமைப்பு, அதாவது பி.இ.இ., செயல்படத் தொடங்கியது. ஸ்டார் லேபிள் திட்டம் 2006இல் வந்தது. கம்பெனிகள் தொழில்நுட்பத்தில் முன்னேற முன்னேற, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பி.இ.இ. அளவுகோலை உயர்த்திக்கொண்டே போகிறது. அப்படி உயர்த்தாவிட்டால் கடையில் இருக்கும் எல்லாப் பெட்டியிலும் ஐந்து ஸ்டார்தான் இருக்கும். நமக்கு எதுவும் தெரியாது. நம் ஷூக்களை வாங்கும் ஐரோப்பாவிலும் இதே கதைதான். ஏ பிளஸ் பிளஸ் பிளஸ் வரை நீண்டுபோன ஃபிரிட்ஜ் லேபிளை 2021 மார்ச்சில் அழித்துவிட்டு, ஏ முதல் ஜி வரை புதிதாக எழுதினார்கள்.

ஏசியை எடுத்துக்கொள்வோம். அதன் திறனைக் காட்டும் எண்ணுக்கு ஐ.எஸ்.இ.இ.ஆர். என்று பெயர். எண் பெரிதாக இருந்தால் அதே குளிர்ச்சிக்குக் குறைந்த கரண்ட். ஸ்பிளிட் ஏசிக்கு 2018இல் இந்த எண் 4.5 இருந்தாலே ஐந்து ஸ்டார். 2022 ஜூலையில் 5 இருந்தால்தான் ஐந்து ஸ்டார் என்று ஆனது. 2026 ஜனவரி 1 முதல் இன்னும் இறுகியிருக்கிறது. அளவுகோல் மாறும் நேரத்தில் பழைய சரக்கைத் தள்ளுபடியில் தள்ளிவிடப் பார்ப்பார்கள். வாங்கலாம், தவறில்லை. ஆனால் ஸ்டாரை எண்ணாதீர்கள். லேபிள் எந்த ஆண்டுக்கானது என்று பாருங்கள், பிறகு அந்த எண்ணைப் பாருங்கள். ஸ்டார் மாறும், எண் மாறாது.

லேபிளில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்றும் போட்டிருக்கும். ஏசிக்கு அது ஆண்டில் 1,600 மணி நேரம் ஓடுவதாக வைத்துப் போட்ட கணக்கு. இரவில் எட்டு மணி நேரம், 200 இரவுகள். வேலூர் வெயிலில் பகலிலும் போடுகிற வீடு என்றால் அதற்கு மேலேதான் வரும். ஃபிரிட்ஜ் ஆண்டு முழுவதும் ஓடுவதால் கணக்கு எளிது. லேபிளில் உள்ள யூனிட்டை ஆறால் வகுத்தால் ஒரு பில்லுக்கான பங்கு கிடைத்துவிடும். 180 யூனிட் என்றிருந்தால் இரண்டு மாதத்துக்கு 30.

ஆனால் இந்தப் பகுதியில் நான் முக்கியமாகப் பேச விரும்புவது ஃபேனைப் பற்றி. ஷூ கம்பெனியிலிருந்து வாங்கி வந்த அப்பரை வீட்டுத் தரையில் உட்கார்ந்து கையால் தைத்துக் கொடுக்கும் பெண்கள் ஆம்பூரைச் சுற்றி எத்தனையோ பேர். பகல் முழுவதும் அவர்கள் தலைக்கு மேல் ஃபேன் சுற்றுகிறது, இரவில் குழந்தைகளுக்காகச் சுற்றுகிறது. ஒரு நாளில் 15 மணி நேரம் என்பது குறைவான மதிப்பீடுதான்.

பழைய ஃபேன் ஒன்று முழு வேகத்தில் சுமார் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. மோட்டார் உள்ள புது ஃபேன் சுமார் 30 வாட். வித்தியாசம் 45 வாட். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் வீதம் 60 நாளுக்குப் பெருக்கினால் ஒரு ஃபேனுக்கு 40.5 யூனிட் மிச்சம். இரண்டு ஃபேனுக்கு 81.

இந்த 81 யூனிட் எவ்வளவு பணம் என்பது உங்கள் வீடு எந்த ஸ்லாபில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை வைத்துச் சொல்கிறேன். பிறகு விலை ஏறியது, ஆனால் கணக்கின் போக்கைக் காட்ட இது போதும். முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டுக்குள் இருந்தால் அடுத்த 100க்கு யூனிட் 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, அதன் பிறகு 6 ரூபாய். 500ஐத் தாண்டினால் அந்த 2.25 சலுகை போய்விடும், 101லிருந்தே 4.50 ஆகிவிடும், 501 முதல் 600 வரை 8 ரூபாய். அதனால் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய் வந்த பில், 510 யூனிட்டுக்கு 2,030 ரூபாய் ஆகும். பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்!

540 யூனிட் ஓடும் வீட்டில் பில் 2,270 ரூபாய். இரண்டு ஃபேனை மாற்றினால் 459 யூனிட், பில் 1,479. ஒரு பில்லிலேயே 791 ரூபாய் மிச்சம். ஒரு பி.எல்.டி.சி. ஃபேன் ஏறக்குறைய 3,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், எட்டு பில்லில் போட்ட பணம் திரும்பிவிடும். ஆனால் 180 யூனிட் ஓடும் வீட்டுக்கு இதே ஃபேன்கள் 180 ரூபாய்தான் மிச்சப்படுத்தும். 100 யூனிட்டுக்குள் இருப்பவர்களுக்குப் பில்லே இல்லை. அவர்கள் அவசரப்பட்டுக் கடன் வாங்கி ஃபேன் மாற்ற வேண்டாம். பழையது பழுதானால் அப்போது மாற்றிக்கொள்ளலாம்.

ஃபேனில்தான் அளவுகோல் மாற்றம் மிகக் கடுமையாக விழுந்தது. 2023 ஜனவரி முதல் ஸ்டார் லேபிள் இல்லாமல் சீலிங் ஃபேன் விற்கக் கூடாது. ஒரு வாட் கரண்டுக்கு நிமிடத்தில் எத்தனை கன மீட்டர் காற்று தள்ளுகிறது என்பதுதான் கணக்கு. வழக்கமான 48 அங்குல ஃபேனுக்கு முன்பு 4 இருந்தால் ஐந்து ஸ்டார். இன்று 4 என்பது ஒரு ஸ்டார். ஐந்து ஸ்டார் வேண்டுமானால் 6 இருக்க வேண்டும். ஆகவே பழைய ஐந்து ஸ்டார் ஃபேனும் இன்றைய ஒரு ஸ்டார் ஃபேனும் ஏறக்குறைய ஒன்றே. பி.எல்.டி.சி. வாங்கினால் சுவரில் உள்ள பழைய ரெகுலேட்டரைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். இதன் வேகத்தை ரிமோட்தான் மாற்றும். கரண்ட் போன நேரத்தில் இன்வெர்ட்டர் பேட்டரியில் கூடுதல் நேரம் சுற்றும் என்பது இன்னொரு லாபம்.

ஃபேன் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், கொதிக்கும் தளத்தின் அடியில் நின்று சூடான காற்றைத்தான் கீழே தள்ளும். மரமில்லாத மலை என்று வேலூரைச் சொல்வார்கள். பகலெல்லாம் வெயிலைக் குடித்த பாறை இரவில் அதைத் திருப்பித் தருகிறது. நம் மொட்டை மாடியும் அதையே செய்கிறது.

இதற்கும் ஒரு விதி இருக்கிறது. 2018 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா, குடியிருப்புகளின் சுவர், கூரை, ஜன்னல் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. கூரை வழியாக வெப்பம் இறங்கும் அளவுக்கு 1.2 என்ற வரம்பு வைத்திருக்கிறது. பூச்சோ தட்டோடோ இல்லாத வெறும் காங்கிரீட் தளத்தின் அளவு அதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். வெப்பமும் ஈரப்பதமும் உள்ள பகுதிகளில், காற்று வரத் திறக்கும் இடம் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது. பத்துக்குப் பத்து அறை என்றால் கிட்டத்தட்ட 17 சதுர அடி. இப்போது எல்லோரும் போடும் சறுக்கு ஜன்னலில் பாதிதான் திறக்கும். மூன்றடிக்கு நான்கடி ஜன்னல் வைத்தாலும் காற்றுக்குக் கிடைப்பது ஆறு சதுர அடி. இரு கதவையும் விரித்துத் திறந்த பழைய மர ஜன்னலை நாம் அவசரப்பட்டுக் கைவிட்டோம் என்றே நினைக்கிறேன்.

இந்த விதி 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. அதாவது 12 சென்ட்டுக்கு மேல். ஆம்பூர் சந்துகளில் இரண்டு சென்ட்டிலும் மூன்று சென்ட்டிலும் நிற்கும் வீடுகளை அது தொடாது. வெயில் அதிகம் தாக்குவது அந்த வீடுகளைத்தான் என்பது எனக்கு வருத்தம் தருகிறது. விதி கட்டாயப்படுத்தாவிட்டாலும் வீடு கட்டுகிறவர் மேஸ்திரியிடம் கேட்கலாம்: தளத்தின் மேல் தட்டோடு பதிக்கலாமா, குறைந்தது வெள்ளைப் பூச்சாவது அடிக்கலாமா? கோடைக்கு முன் மொட்டை மாடியில் சுண்ணாம்பு அடிப்பது நம் ஊரில் பழைய பழக்கம்தான்.

வாடகைக்கு இருப்பவர் பாடுதான் சிரமம். ஃபேனைக் கழற்றிக்கொண்டு போகலாம், கூரையைக் கொண்டுபோக முடியாது. இங்கிலாந்தில் வீட்டுக்கே ஏ முதல் ஜி வரை தரச் சான்று உண்டு. சில விலக்குகள் தவிர, ஈ தரத்துக்குக் கீழே உள்ள வீட்டை 2020 முதல் வாடகைக்கு விட முடியாது. இங்கே அப்படி எதுவும் இல்லை. அதனால் டூலெட் போர்டைப் பார்த்து வீடு பார்க்கப் போகிறவர்கள், காலையில் போகாமல் சாயங்காலம் ஏழு மணிக்குப் போங்கள். ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டு, தளத்தின் அடியில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். அட்வான்ஸ் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கலாம்.