வட்டி வீதமும் உலகச் சந்தையும்

வருமாண்டில் உலக வாணிபம் செழிக்குமோ, நலியுமோ என்பதை ஐயமறக் கூறவல்லார் எவருமிலர். 1929-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், அமெரிக்கப் பொருணூற் பேராசிரியர் இர்விங் பிஷர், பங்குகளின் விலை நிலையானதோர் உயர்வை எய்திவிட்டதெனக் கருத்துரைத்தார். அம்மாதம் முடியுமுன்னரே நியூயார்க் பங்கு மார்க்கெட்டு வீழ்ந்தது. 1933-இல் அந்நாட்டுத் தொழிலாளருள் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் வேலையின்றி வருந்தினர். ஆதலின், பலன் உரைப்பதை விடுத்து, விளைவுகளைத் தோற்றுவிக்கும் காரணங்களை ஆராய்தலே நமக்கு ஏற்றதாகும். அவற்றுள் தலையாயது வட்டி வீதம்.

ஒருவர் நூற்றுக்கு 2 வீதம் வட்டி தரும் பத்தாண்டுக் கடன் பத்திரமொன்றை 100 ரூபாய்க்கு வாங்கினாரெனக் கொள்வோம். உடனே வட்டி வீதம் 5 ஆக உயர்ந்துவிடின், புதுப் பத்திரங்கள் ஆண்டிற்கு 5 ரூபாய் தரும். அந்நிலையில் பழைய பத்திரத்தை 100 ரூபாய் கொடுத்து எவர் வாங்குவர்? அதன் விலை ஏறத்தாழ 77 ரூபாயாகக் குறைந்துவிடும். தவணை முடியுமட்டும் பொறுத்திருப்பவர்க்கு முதல் முழுதும் கிடைக்கும்; இடையில் விற்க நேர்ந்தவர்க்கே இழப்பு.

இவ்வுண்மையை அண்மைக்கால நிகழ்ச்சியொன்று தெளிவுறக் காட்டும். 2022 ஜூன் மாதத்தில் அமெரிக்காவில் விலைவாசி முந்திய ஆண்டினும் நூற்றுக்கு 9.1 வீதம் ஏறியிருந்தது. அதனை அடக்கும் பொருட்டு, அந்நாட்டு மத்தியப் பாங்கியாகிய பெடரல் ரிசர்வு, பூச்சியத்தை ஒட்டியிருந்த வட்டியை, 2022 மார்ச் முதல் 2023 ஜூலை வரை 11 முறை உயர்த்தி, 5.25-க்கும் 5.50-க்கும் இடையே நிறுத்தியது. வட்டி தாழ்ந்திருந்த காலத்தில் நீண்ட தவணைப் பத்திரங்களை மிகுதியாக வாங்கி வைத்திருந்த சிலிக்கான் வாலி பாங்கி, பணம் போட்டவர்கள் அதனைத் திரும்பப் பெறத் தொடங்கவே, பத்திரங்களை விற்று 180 கோடி டாலர் இழந்தது. இச்செய்தி 2023 மார்ச் 8-ஆம் நாள் வெளியாயிற்று. மறுநாள் ஒரு நாளிலேயே 4,200 கோடி டாலரை மீட்க மக்கள் முனைந்தனர். 10-ஆம் நாள் பாங்கி மூடப்பட்டது. சட்டப்படி காப்புறுதி பெற்ற தொகை ஒருவருக்கு 2,50,000 டாலரே. அங்கிருந்த பணத்திற் பெரும்பகுதி அவ்வரம்பிற்கு மேற்பட்டது. அங்குப் பணம் வைத்திருந்த பல தொழிற் கம்பெனிகள், ஊழியர்க்குச் சம்பளம் கொடுக்க வழியறியாது திகைத்தன. 12-ஆம் நாள் சர்க்கார் முழுத் தொகைக்கும் பொறுப்பேற்ற பின்னரே அச்சம் தணிந்தது.

அமெரிக்க வட்டி உயரின், அதன் விளைவு அந்நாட்டெல்லையோடு நில்லாது. உலகப் பணம் அங்கே ஈர்க்கப்படும். பிற நாணயங்களின் மதிப்புக் குறையும். டாலரிற் கடன்பட்ட நாடுகளின் சுமை பெருகும். 2022-இல் நம் ரூபாயும் முதன்முறையாக டாலருக்கு 80-ஐக் கடந்து தாழ்ந்தது. பெட்ரோலியம் முதலிய இறக்குமதிப் பண்டங்களுக்கு நாம் மிகுதியாகக் கொடுக்க வேண்டுவதாயிற்று.

ஆகவே, சந்தை உயருமென்றோ தாழுமென்றோ ஒருவர் கூறக் கேட்கும்போது, விலைவாசி எத்திசையிற் செல்கிறது, மத்தியப் பாங்கிகள் வட்டியை எவ்வாறு மாற்றக்கூடும், கடன் யாரிடம் எத்தவணைக்கு உள்ளது என்னும் மூன்றையும் நாம் வினவுதல் வேண்டும். இவற்றிற்கு விடை கூறாத ஆருடத்தை நம்பிப் பெற்றோர் வருந்தியீட்டிய பொருளை இடுதல் நமக்குத் தகாது.