கோணல் கால் நேராகும்! இன்னொரு டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும்?

பாதம் உள்பக்கமாக மடங்கிப் பிறந்த குழந்தை நடக்குமா?

நடக்கும். ஓடும். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தும் விளையாடும்.

அமெரிக்காவில் கிரிஸ்டி யாமகுச்சி என்ற பெண் இப்படிக் கோணல் காலுடன் பிறந்தவர். 1992-ம் ஆண்டு ஒலிம்பிக் போட்டியில், பனிச்சறுக்கு நடனத்தில் அவர் தங்கப் பதக்கம் வாங்கினார்! உலகப் புகழ் பெற்ற கால்பந்து வீராங்கனை மியா ஹாமும் அப்படிப் பிறந்தவரே.

ஆகவே, தாய்மார்கள் கலங்க வேண்டாம். ஆனால், காலம் தாழ்த்தவும் வேண்டாம். சிகிச்சை சரியாக நடக்கிறதா என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். சந்தேகம் வந்தால், இன்னொரு டாக்டரைக் கேட்பதில் தப்பே இல்லை.

கிரகணம் காரணம் அல்ல

இந்தக் கோளாறுக்கு "வளைபாதம்" என்று பெயர். பாதம் உள்பக்கம் திரும்பி இருக்கும். குதிகால் மேலே தூக்கி நிற்கும். உள்ளங்கால் வானத்தைப் பார்ப்பது போலத் தோன்றும்.

ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளில் ஒரு குழந்தை இப்படிப் பிறக்கிறது. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு இரண்டு மடங்கு அதிகமாக வருகிறது. பாதிப் பேருக்கு இரண்டு கால்களிலும் இருக்கும்.

"கிரகண நேரத்தில் வெளியே போனாயா?" என்று மாமியார் மருமகளைக் கேட்பது உண்டு. பாவம், பிள்ளை பெற்றவள் அழுவாள்.

கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தாய் சாப்பிட்ட சாப்பாடும் காரணம் இல்லை. வயிற்றில் வளரும்போதே பாதம் அப்படி அமைந்துவிடுகிறது. சில குடும்பங்களில் வழிவழியாக வருவதும் உண்டு. தாயின் மேல் பழி போடுவது அநியாயம்.

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும்? குழந்தை பாதத்தின் ஓரத்தை ஊன்றி நடக்கும். வளர வளர, மேல்பாதமே தரையில் படும். அங்கே தோல் காய்த்துப் போகும். வலி எடுக்கும். செருப்புப் போட முடியாது. காடு கழனியில் பாடுபட முடியாது.

மலைக் கிராமத்துக் குழந்தை

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால் உள்ள ஒரு சிற்றூரில் இப்படி ஒரு குழந்தை பிறப்பதாக வைத்துக்கொள்வோம்.

தாய் தகப்பன் மரவள்ளி பயிரிடுகிறவர்கள். வேலை இல்லாத மாதங்களில் வெளியூர்த் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகிறவர்கள். "வாரா வாரம் வந்து மாவுக்கட்டு மாற்ற வேண்டும்" என்று டாக்டர் சொல்கிறார்.

வாரா வாரம் மலை இறங்க வேண்டும். பஸ் கட்டணம் வேண்டும். இரண்டு பேருக்கும் அன்றைய கூலி போய்விடும். கைக்குழந்தையுடன் கொண்டை ஊசி வளைவுகளில் போய் வர வேண்டும்.

மூன்றாவது கட்டு முடிந்ததும் தகப்பனுக்குச் சலிப்பு வருகிறது. "இது சரியாகுமா, டாக்டர் ஐயா? ஆபரேஷன் செய்துவிட்டால் ஒரே நாளில் முடியாதா?" என்று கேட்கிறார். பக்கத்து வீட்டுக்காரரோ, "எண்ணெய் போட்டு நீவி, மூங்கில் வைத்துக் கட்டினால் போதும்" என்கிறார்.

எந்தப் பேச்சைக் கேட்பது? இந்த இடத்தில்தான் குழந்தையின் வாழ்நாள் முழுவதும் அடங்கி இருக்கிறது.

கடிகாரக்காரர் மகன்

இதற்கு வழி கண்டவர் டாக்டர் இக்னாசியோ பொன்செட்டி. 1914-ம் ஆண்டு ஸ்பெயின் நாட்டின் மெனோர்கா தீவில் பிறந்தார். தகப்பனார் கடிகாரம் பழுது பார்ப்பவர். சிறுவன் பொன்செட்டியும் அந்த வேலையில் கைகொடுத்தார். விரல்களின் நுட்பம் அங்கேயே படிந்தது.

ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. பொன்செட்டி காயம்பட்ட வீரர்களுக்குச் சிகிச்சை செய்தார். 1939-ல் அவருடைய பக்கம் தோற்றது. காயம்பட்டவர்களை அழைத்துக்கொண்டு, மலை கடந்து பிரான்சுக்குத் தப்பினார். பிறகு மெக்சிகோ நாட்டில் கிராம டாக்டராக இருந்தார். 1941-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

அங்கே வளைபாதத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்களை அவர் சோதித்துப் பார்த்தார். கால் பார்வைக்கு நேராக இருந்தது. ஆனால் விறைத்துப் போய், பலம் குன்றி, வலியும் இருந்தது!

"கத்தி வைத்தது சரிதானா?" என்று அவர் யோசித்தார். பாதத்தின் எலும்புகளையும் நார்களையும் ஆராய்ந்தார். பச்சைக் குழந்தையின் நார்கள் இழுத்தால் இளகிக் கொடுக்கும் என்று கண்டார். மெதுவாகக் கையால் திருப்பி, அந்த நிலையிலேயே மாவுக்கட்டுப் போட்டார். ஒரு வாரம் கழித்துக் கட்டை மாற்றி, இன்னும் கொஞ்சம் திருப்பினார்.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

பெற்றோரே பரப்பினார்கள்

1963-ல் பொன்செட்டி தம் முறையை மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். பெரும்பாலான டாக்டர்கள் சட்டை செய்யவில்லை. ஆபரேஷனே தொடர்ந்தது.

1995-ல் ஒரு கணக்கு வெளிவந்தது. பொன்செட்டி முறையில் சிகிச்சை பெற்றவர்களை, 30 ஆண்டுக்கு மேல் கழித்துச் சோதித்த கணக்கு அது. 100-க்கு 78 பேருக்குக் கால் நல்ல நிலையில் இருந்தது. இந்தக் கோளாறே இல்லாத சாதாரண மனிதர்களை அதே முறையில் சோதித்தபோதும் 85 பேர்தான் அப்படி இருந்தார்கள். அதாவது, இரு சாராருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை!

1990-களின் கடைசியில், "ஆபரேஷன்தான் வழி" என்று கேட்டுக் கலங்கிய அமெரிக்கப் பெற்றோர், இன்னொரு டாக்டரிடம் கேட்கப் புறப்பட்டார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அயோவா போனார்கள். அப்போது பொன்செட்டிக்கு 80 வயது தாண்டிவிட்டது. குணமான செய்தியைப் பெற்றோர் இன்டர்நெட் மூலம் ஒருவருக்கு ஒருவர் சொன்னார்கள். அதன் பிறகே உலகம் விழித்துக்கொண்டது. பொன்செட்டி 2009-ல் காலமானார். இன்று உலகம் முழுவதும் இதுவே முதல் சிகிச்சை.

அன்று அந்தப் பெற்றோர் கேட்காமல் இருந்திருந்தால்?

சிகிச்சை நடக்கும் விதம்

குழந்தை பிறந்த ஒன்றிரண்டு வாரத்தில் தொடங்குவது நல்லது. சற்றுத் தாமதமாகிவிட்டாலும் நம்பிக்கை இழக்க வேண்டாம். வளர்ந்த குழந்தைகளுக்கும் இந்த முறை பலன் தருகிறது.

முதலில் மாவுக்கட்டு. பொதுவாக ஐந்து முதல் ஏழு கட்டு வரை தேவைப்படும். கட்டு விரல் நுனியில் தொடங்கி தொடை வரை இருக்க வேண்டும். முழங்கால் மடங்கி இருக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே மட்டும் கட்டினால் கட்டு நழுவிவிடும். பாதமும் திரும்பாது.

முதல் கட்டுப் போட்டதும், பாதம் முன்னைவிட அதிகமாக உள்பக்கம் திரும்பியது போலத் தெரியலாம். பயப்பட வேண்டாம். பாதத்தின் உள்வளைவைச் சரிசெய்ய அப்படித்தான் தொடங்க வேண்டும். கடைசிக் கட்டில் பாதம் அளவுக்கு மீறி வெளிப்பக்கம் திரும்பியது போலத் தெரியும். அதுவும் சரியே.

பிறகு குதிகாலின் பின்னால் உள்ள தடித்த நாரில் ஒரு சிறு வெட்டு. பெரும்பாலான குழந்தைகளுக்கு இது தேவைப்படும். சில நிமிட வேலை. பெரும்பாலும் தையல்கூடத் தேவையில்லை. அதற்குப் பின் போடும் கட்டு மூன்று வாரம் இருக்கும். அதற்குள் நார் கூடிவிடும்.

"ஆபரேஷன் இல்லை என்றார்களே, இப்போது வெட்டுகிறார்களே" என்று சில பெற்றோர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். அது தவறு. இந்தச் சிறு வெட்டு வேறு. பாதத்தைத் திறந்து மூட்டுகளை விடுவிக்கும் பெரிய ஆபரேஷன் வேறு.

பூட்சை மறந்தால் பழைய கதை

கட்டுப் பிரித்ததும் சிகிச்சை முடிந்துவிடவில்லை. இரண்டு பூட்சுகளை ஒரு கம்பியால் இணைத்துக் கொடுப்பார்கள். கம்பி குழந்தையின் தோள் அகலம் இருக்கும். முதல் மூன்று மாதம், நாளைக்கு 23 மணி நேரம் அதைப் போட்டிருக்க வேண்டும். பிறகு தூங்கும்போது மட்டும். நாலு வயது வரை விடக்கூடாது.

கால் நேராகத்தானே இருக்கிறது, பூட்ஸ் எதற்கு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். கால் மறுபடி மடங்கிவிடுகிறது. ஒழுங்காகப் போட்டவர்களில் 100-க்கு 6 பேருக்கே கோணல் திரும்பியது என்றும், போடாமல் விட்டவர்களில் 80 பேருக்கு மேல் திரும்பியது என்றும் அயோவா டாக்டர்கள் கண்டார்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள்

இன்னொரு டாக்டரைப் பார்க்கும்போது, கீழ்க்கண்டவற்றைக் கேளுங்கள்:

1. இது உண்மையான வளைபாதமா? சில குழந்தைகளுக்கு வயிற்றில் இருந்த கிடப்பினால் மட்டும் பாதம் மடங்கி இருக்கும். கையால் எளிதாக நேராக்க முடியும். அதற்குக் கட்டே வேண்டியதில்லை.

2. "பிரானி மார்க்" எத்தனை? கோணலின் அளவை 0 முதல் 6 வரை போடும் மார்க் அது. கனடா டாக்டர் பிரானி வகுத்தது. பரீட்சை மார்க்குக்கு நேர்மாறு. குறையக் குறைய நல்லது. ஒவ்வொரு வாரமும் எழுதி வைத்தால், கால் திருந்துகிறதா என்று பெற்றோருக்கே தெரியும்.

3. எட்டுக் கட்டுக்கு மேல் போட்டும் மார்க் குறையவில்லையே, ஏன்?

4. கட்டுப் போட்டுப் பார்க்காமலே பெரிய ஆபரேஷன் சொன்னார்களே, அவசியமா?

5. முதுகிலோ, இடுப்பிலோ, நரம்பிலோ வேறு கோளாறு உண்டா?

முதல் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று அஞ்ச வேண்டாம். நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். அவரிடமே சொல்லி, சீட்டுகளை வாங்கிக்கொண்டு போகலாம். கட்டை நடுவில் நிறுத்திவிட்டு அலையக்கூடாது. இரண்டு பேரைக் கேட்கலாம். பத்துப் பேரைக் கேட்டால் காலம் போய்விடும்.

எண்ணெய் போட்டு நீவுவதும், மூங்கில் வைத்துக் கட்டுவதும் பலன் தராது. பொன்னான வாரங்கள்தான் வீணாகும்.

எங்கே போவது?

கள்ளக்குறிச்சி 2019-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி தனி மாவட்டம் ஆயிற்று. 2022 ஜனவரியில் அங்கு அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மலைக் குடும்பங்கள் முதலில் அங்கே எலும்பு டாக்டரைப் பார்க்கலாம். இன்னொரு கருத்துக்குச் சேலம், விழுப்புரம் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் உண்டு. புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி., சென்னை எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி ஆகியவையும் உண்டு.

பிள்ளைகளின் பிறவிக் கோளாறுகளைக் கண்டுபிடிக்க, 2013-ல் மத்திய அரசு ஒரு திட்டம் தொடங்கியது. அதில் வளைபாதமும் சேர்ந்திருக்கிறது. டாக்டர் குழு அங்கன்வாடிக்கு வரும்போது, குழந்தையை மறைக்காமல் காட்ட வேண்டும். கிராம சுகாதார நர்சிடம் சொன்னால் வழிகாட்டுவார்.

ஆஸ்பத்திரி பெரியதா, சிறியதா என்பது முக்கியமல்ல. ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டில், டாக்டர் அல்லாத மருத்துவ ஊழியர்களே பயிற்சி பெற்று இந்தக் கட்டைப் போட்டு, நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். கட்டுப் போடுகிறவர் இந்த முறையைக் கற்றவரா என்பதையே கேட்க வேண்டும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

குழந்தையின் விரல்களைத் தினம் பல முறை பாருங்கள். விரல் நீலம் பாய்ந்தாலும், சில்லிட்டாலும், வீங்கினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விரல்கள் கட்டுக்குள் மறைந்துபோனால், கட்டு நழுவிவிட்டது என்று அர்த்தம்.

கட்டு நனையக்கூடாது. மழைக்காலத்தில் மலையிலிருந்து வரும்போது கால்களை நன்றாக மூடிக்கொள்ள வேண்டும். தூரம் அதிகம் என்று, முதல் நாளே வீட்டில் ஊறவைத்துக் கட்டைக் கழற்றக் கூடாது. ஒரே இரவில் பாதம் பின்னுக்குப் போகத் தொடங்கும். கட்டுப் போடும் நேரத்தில் பால் கொடுத்தால் குழந்தை அமைதியாக இருக்கும்.

கூலி போகிறதே என்ற கவலை நியாயமானது. ஆனால் ஐந்தாறு வாரக் கூலி, ஒரு பிள்ளையின் நடைக்கு ஈடாகுமா? வாரக் கணக்கில் கஷ்டப்பட்டால், அந்தப் பிள்ளை ஆயுள் முழுவதும் தன் காலில் நிற்கும்.