விண்மீன்கூட்டத்தின் வாயுப் போர்வை

சப்தரிஷி மண்டலத்தின் திசையில், ஏறக்குறைய 1 கோடியே 20 லட்சம் ஒளியாண்டுகளுக்கு அப்பால் எம் 82 என்னும் விண்மீன்கூட்டம் உள்ளது. நீண்டு காணப்படுவதால் அதற்குச் 'சுருட்டு' என்று செல்லப் பெயர்! சிரிக்காமல் நம்மால் இருக்க முடியவில்லை.

1963-இல் லிண்ட்ஸ், சாண்டேஜ் என்ற இரு விஞ்ஞானிகள் அதன் மேலும் கீழும் ஹைட்ரஜன் வாயு இழை இழையாகப் பீறிட்டு நிற்பதைக் கண்டனர். நடுவில் ஒரே பெரும் வெடிப்பு நிகழ்ந்ததெனக் கருதினர். உண்மையில் அங்கே விண்மீன்கள் மிக வேகமாகப் பிறக்கின்றன. அவற்றுள் மிகப் பெரியவை விரைவிலேயே வெடித்து மடிகின்றன. அந்த வெப்பம், பொங்கும் உலை மூடியைத் தள்ளுவதுபோல், வாயுவை வெளியே தள்ளுகிறது. விண்மீன் உருவாக வேண்டிய பொருளே வாயுதான். அதை இப்படி இறைத்துவிட்டால் நாளை என்ன செய்வது?

தள்ளப்பட்ட வாயு முழுவதும் தொலைந்துவிடுவதில்லை. ஒரு பகுதி கூட்டத்தைச் சுற்றிப் போர்வையாகத் தங்குகிறது. பின்னர் திரும்பி விழவும் கூடும். ஆனால் போர்வை மிக மெல்லியது. அதன் ஒளியைக் காண்பது அரிது. பிறகு எப்படி அறிவது? வெகு தொலைவில், அதற்குப் பின்னால் குவேசார் என்னும் பேரொளிப் பொருள் இருந்தால் போதும். அதன் ஒளி போர்வையினூடே வரும்போது சில நிறங்கள் உறிஞ்சப்பட்டு, நிறமாலையில் கருங்கோடுகள் விழுகின்றன. அக்கோடுகள் இத்தகைய போர்வைகளால் வரலாமென 1969-இல் பாக்கால், ஸ்பிட்ஸர் இருவரும் கூறினர்.

2009-இல் ஹப்பிள் தொலைநோக்கியில் பொருத்திய கருவி இவ்வழியில் பல கூட்டங்களை ஆராய்ந்தது. 2011-இல் முடிவு வெளியாயிற்று: விண்மீன் பிறக்கும் கூட்டங்களின் போர்வையில் மின்னேற்றமுற்ற ஆக்சிஜன் மிகுதி, பிறப்பு நின்றவற்றிலோ அது அரிது. அந்த ஆக்சிஜன் முழுவதும் விண்மீன்களின் வயிற்றில் வெந்ததே.