வாய் கோணிவிட்டதா? முதல் மூன்று நாட்களை வீணாக்காதீர்கள்



ஃபஜ்ர் தொழுகைக்காக வுளூ செய்கிறோம். வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு பக்கமாக வழிகிறது. கண்ணாடியில் பார்த்தால் வாய் கோணியிருக்கிறது. ஒரு கண் மூடவில்லை. முகவாதம் பலருக்கும் இப்படித்தான் தெரிய வருகிறது. உடனே வீட்டில் 'காத்து அடிச்சிடுச்சு', 'கண்ணேறு', 'செய்வினை' என்று பேச்சு கிளம்பும். அந்தப் பேச்சிலேயே மருத்துவத்துக்குரிய நாட்கள் போய்விடுகின்றன.

முகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் அசைக்க ஒரு நரம்பு இருக்கிறது. அது காதருகே எலும்புக்குள் ஒரு குறுகிய பாதையில் செல்கிறது. அங்கே நரம்பு வீங்கினால் நசுங்கி, முகத்தின் அந்தப் பக்கம் அசைவற்றுப் போகிறது. 19ஆம் நூற்றாண்டில் இதை விளக்கிய சார்லஸ் பெல் என்ற மருத்துவரின் பெயரால் 'பெல்ஸ் பால்சி' என்கிறார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது சற்று அதிகமாக வரும்.

இது பக்கவாதமாகவும் இருக்கலாம். முகவாதத்தில் அந்தப் பக்க நெற்றியும் சுருங்காது. பக்கவாதத்தில் பெரும்பாலும் நெற்றி சுருங்கும். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். கை கால் தளர்ந்தாலோ பேச்சு குழறினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள்.

முகவாதம்தான் என்றால், 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்குவது நல்ல பலன் தரும். அது சர்க்கரையை ஏற்றும் என்பதால் மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். மூடாத கண் உலர்ந்து புண்ணாகிவிடும். மருத்துவர் தரும் சொட்டு மருந்தைப் பகலிலும், களிம்பை இரவிலும் போட்டு, தூங்கும்போது இமையை மூடி ஒட்டிவைக்க வேண்டும்.

பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் முன்னேற்றம் தெரியும். சில மாதங்களில் முகம் பழையபடி ஆகும். மூன்று வாரமாகியும் மாற்றமே இல்லையென்றால் மீண்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நம் திருமுக்கூடலில் வைத்தியத்துக்குப் பழைய வரலாறு உண்டு. வீரராஜேந்திர சோழன் காலத்தில், 11ஆம் நூற்றாண்டில், இங்கே 15 படுக்கைகளுடன் ஆதுலர்சாலை இயங்கியதைப் பெருமாள் கோயில் கல்வெட்டு சொல்கிறது. இன்று காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனையும் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. துஆச் செய்வோம், ஓதிப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும். ஆனால் முதலில் மருத்துவமனைக்குப் போவோம். மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே.

இன்னொரு வேண்டுகோள். முகம் கோணியவர்கள் கல்யாணம் காட்சிக்கு வரக் கூச்சப்பட்டு அறைக்குள் முடங்கிவிடுகிறார்கள். சிரிக்க முடியாததைக் கோபம் என்று நாம் தவறாக எடுத்துக்கொள்கிறோம். வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். உற்றுப் பார்க்காதீர்கள், கேலி செய்யாதீர்கள். மருத்துவமனைக்குத் துணை இல்லாதவர்கள் நம் அறக்கட்டளை அலுவலகத்தில் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், நாங்கள் உடன் வருகிறோம்.

அல்லாஹ் அனைவருக்கும் ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.