ஒவ்வாத குதிரையை நேசிப்பது எப்படி?

 

இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது சிறார் கதை எழுதுவதில் உள்ள ஒரு சிக்கல். குதிரை என்றால் உயிரை விடும் ஒரு சிறுமி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அறைச் சுவர் முழுக்கக் குதிரைப் படங்கள். ஆனால் குதிரை அருகில் வந்தால் அவளுக்குக் கண் சிவக்கிறது, தோல் தடிக்கிறது, மூச்சு இரைக்கிறது. இவளைப் பற்றிய கதையை எப்படி முடிப்பது? கேள்வி சிறியதுதான். ஆனால் குழந்தைகளுக்கு அன்பைப் பற்றி நாம் என்ன சொல்லிக்கொடுக்கிறோம் என்பது இந்த முடிவில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நோயுற்ற குழந்தையின் கதைக்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு முடிவு உண்டு. யோஹன்னா ஸ்பைரியின் 'ஹைடி'யில் சக்கர நாற்காலியில் வரும் கிளாரா, ஆல்ப்ஸ் மலைக்காற்றில் தேறி எழுந்து நடக்கிறாள். பிரான்சஸ் பர்னெட்டின் 1911ஆம் ஆண்டு நாவலான 'ரகசியத் தோட்ட'த்தில், படுக்கையே கதியென்று கிடந்த கொலின் தோட்டத்துக்குள் வந்து எழுந்து நிற்கிறான். இரண்டும் நான் விரும்பி வாசிக்கிற நூல்கள். மனம் துணிந்தால் உடல் வழிக்கு வரும் என்பதுதான் இரண்டும் தரும் நம்பிக்கை.

ஒவ்வாமைக்கு இந்த நம்பிக்கை பொருந்தாது. நம் சிறுமி துணிச்சலோடு குதிரையைக் கட்டிப்பிடித்தால் அவளுடைய மூச்சுக்குழல் இன்னும் சுருங்கும். துணிச்சல் அதிகமானால் ஆபத்தும் அதிகமாகும். இப்படிப்பட்ட ஒரு கதையை வாசித்துவிட்டு, இன்ஹேலரை வீட்டில் வைத்துவிட்டு லாயத்துக்குப் போகிற ஒரு நிஜக் குழந்தையை நினைத்துப் பாருங்கள். இங்கே எழுதுபவருக்கு ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது.

எனவே முதலில் உடலில் என்ன நடக்கிறது என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். குதிரை முடிதான் காரணம் என்று பலரும் நினைக்கிறோம். உண்மையில் குதிரையின் தோல் செதில், உமிழ்நீர், சிறுநீர் ஆகியவற்றில் இருக்கும் சில புரதங்கள்தான் காரணம். தீங்கற்ற அந்தப் புரதத்தை எதிரி என்று எடுத்துக்கொண்டு உடலின் காவல் அமைப்பு போருக்குக் கிளம்பிவிடுகிறது. இந்தப் புரதம் காற்றில் மிதக்கும், துணியில் ஒட்டிக்கொண்டு ஊர் சுற்றும். குதிரையேற்ற வகுப்பிலிருந்து நேராக வரும் தோழியின் மேல்சட்டையே போதும், நம் சிறுமி தும்ம ஆரம்பித்துவிடுவாள். கதைக்கு இது நல்ல தகவல். குதிரையே வராத காட்சியிலும் குதிரை வந்துவிடுகிறது. தோழி சட்டையை மாற்றிக்கொண்டு வருகிறாளா இல்லையா என்பதில் அவர்களுடைய நட்பே தெரிந்துவிடும்.

'அலர்ஜி' என்ற சொல்லின் பிறப்பிலும் குதிரை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டிப்தீரியா என்னும் தொண்டை அடைப்பான் நோய் குழந்தைகளைக் கொன்றுகொண்டிருந்தது. குதிரையின் உடலில் எதிர்ப்பொருளை உருவாக்கி, அதன் இரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தைக் குழந்தைகளுக்குச் செலுத்தினார்கள். இந்தச் சீர சிகிச்சைக்காகத்தான் 1901இல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு எமில் ஃபான் பேரிங்குக்குக் கிடைத்தது. ஆனால் சீரம் செலுத்தப்பட்ட குழந்தைகளில் சிலருக்குச் சில நாட்கள் கழித்துக் காய்ச்சலும் தடிப்பும் மூட்டுவலியும் வந்தன. இரண்டாவது முறை செலுத்தியபோது அவை இன்னும் விரைவாக வந்தன. வியன்னாவில் குழந்தை மருத்துவர்களாக இருந்த கிளெமென்ஸ் ஃபான் பிர்கேயும் பேலா ஷிக்கும் இதைக் கவனித்து 1905இல் ஒரு நூல் எழுதினார்கள். அடுத்த ஆண்டு பிர்கே, கிரேக்கத்தில் 'வேறு' என்றும் 'செயல்' என்றும் பொருள்படும் இரு சொற்களைச் சேர்த்து 'அலர்ஜி' என்று பெயரிட்டார். குழந்தைகளைக் காப்பாற்றிய குதிரைதான் சில குழந்தைகளின் உடலுக்கு ஒத்துக்கொள்ளாமலும் போனது. நம் சிறுமியின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான முன்கதை இல்லை.

தமிழில் நாம் சொல்லும் 'ஒவ்வாமை' எனக்கு இன்னும் பிடித்த சொல். ஒவ்வுதல் என்றால் பொருந்துதல். இது அதற்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். அந்தச் சொல் குதிரைமீதும் பழி போடவில்லை, குழந்தைமீதும் பழி போடவில்லை.

கதையாசிரியருக்கு இன்னொரு குறுக்கு வழியும் உண்டு. ஒவ்வாமையே தராத ஓர் அதிசயக் குதிரையைக் கொண்டுவந்துவிடலாம். அமெரிக்காவில் பாஷ்கீர் கர்லி என்ற சுருள்முடிக் குதிரை இனத்துக்கு அப்படி ஒரு பெயர் இருக்கிறது. ஆனால் 2018இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வு, பல இனக் குதிரைகளின் முடியில் இருந்த ஒவ்வாமைப் புரதத்தை அளந்து ஒப்பிட்டது. சுருள்முடிக் குதிரைகளில் அது குறைவாக இருக்கிறது என்று அந்த ஆய்வால் காட்ட முடியவில்லை. வாங்குபவர் நம்பிக்கையோடு வாங்கலாம். கதை அந்த நம்பிக்கையை உண்மையென்று விற்கக் கூடாது.

நம் வீடுகளில் வேறொரு வழி சொல்வார்கள். ஊரிலிருந்து காணொளியில் பேசும் பாட்டி, "அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு, பழகப் பழகச் சரியாயிடும்" என்பார். பாட்டியின் பேச்சில் ஒரு துளி உண்மை இருக்கிறது. 1911இல் லண்டனில் லெனர்ட் நூன் என்ற மருத்துவர், புல்லின் மகரந்தச் சாற்றை மிகச் சிறிய அளவில் ஊசி மூலம் ஏற்றி, படிப்படியாகக் கூட்டி, உடலைப் பழக்க முயன்றார். இன்றும் அந்த வழி தொடர்கிறது. ஆனால் அதற்கு ஆண்டுக்கணக்கில் பொறுமையும் மருத்துவரின் கண்காணிப்பும் வேண்டும். லாயத்துக்குள் குழந்தையைத் தள்ளிவிடுவது பழக்குவது ஆகாது.

அப்படியானால் கதையை எப்படித்தான் முடிப்பது? குதிரையை மறக்கச் செய்து ஒரு தங்கமீனை வாங்கிக் கொடுத்து முடிக்கலாமா? குழந்தைகள் அதை மன்னிக்க மாட்டார்கள். நான் எழுதினால் ஒவ்வாமையையும் விட்டுவைப்பேன், ஆசையையும் விட்டுவைப்பேன். தூரத்திலிருந்து குதிரையை அறிந்துகொள்ள அவளுக்கு வழி தேடுவேன்.

இதற்கு வரலாற்றில் துணை இருக்கிறது. 1878இல் எட்வர்ட் மைபிரிட்ஜ் கலிபோர்னியாவில் வரிசையாகக் கேமராக்களை நிறுத்தி, பாய்ந்தோடும் குதிரையைப் படம் பிடித்தார். நான்கு குளம்புகளும் தரையை விட்டு எழும் கணம் ஒன்று இருக்கிறது என்று அந்தப் படங்கள் காட்டின. அந்தக் கணத்தில் கால்கள் வயிற்றின் கீழ் மடங்கியிருந்தன. அதுவரை ஓவியர்கள் முன்னும் பின்னும் கால்களை நீட்டியபடி வரைந்துவந்தார்கள். குதிரைகளோடு காலமெல்லாம் வாழ்ந்தவர்கள் பார்க்காததை, சற்றுத் தள்ளி நின்ற கேமரா பார்த்தது.

ஆன்னா சூவல் 14 வயதில் விழுந்து கணுக்கால்களில் அடிபட்டவர். அதற்குப் பிறகு அவரால் அதிக நேரம் நிற்கவோ நடக்கவோ முடியவில்லை. வெளியே போக வேண்டுமென்றால் குதிரை வண்டிதான். கடைசி ஆண்டுகளில் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே கிடந்து, ஒரு குதிரையே தன் கதையைச் சொல்வதாக 'பிளாக் பியூட்டி'யை எழுதினார். 1877இல் நூல் வந்தது, அடுத்த ஆண்டே அவர் இறந்தார். குதிரையின் கழுத்தை வலிந்து நிமிர்த்திக் கட்டும் வாரின் கொடுமையை உலகம் அறிந்ததில் அந்த நூலுக்குப் பெரிய பங்கு உண்டு.

பின்லாந்தில் இன்று பிள்ளைகள் கம்பில் துணித்தலை பொருத்திய குதிரைகளைத் தாங்களே தைத்து, பெயரிட்டு, தடைதாண்டும் போட்டிகள் நடத்துகிறார்கள். பொய்க்கால் குதிரை பார்த்து வளர்ந்த நாம் அதைப் பார்த்துச் சிரிக்க மாட்டோம். அந்தக் குதிரையில் தோல் செதிலும் இல்லை.

இத்தகைய கதைகள் வர ஆரம்பித்துவிட்டன. 2021இல் மேகன் வாக்னர் லாயிட் எழுதி மிஷெல் மீ நட்டர் வரைந்த 'அலர்ஜிக்' என்ற படக்கதையில், பத்தாவது பிறந்தநாளுக்கு நாய்க்குட்டி கேட்கும் சிறுமிக்கு, மென்முடியோ இறகோ உள்ள எந்த விலங்கும் ஒத்துக்கொள்ளாது என்று தெரியவருகிறது. தமிழில் குதிரையை வைத்து அப்படி ஒன்றை நீங்கள் யாராவது எழுத வேண்டும் என்பது என் விருப்பம். அதில் சிறுமி வேலிக்கு வெளியே நிற்கட்டும், பையில் இன்ஹேலர் இருக்கட்டும். உள்ளே ஓடும் குதிரையின் குளம்புகள் எப்போது தரையை விடுகின்றன என்று அவள் தோழிக்குச் சொல்லட்டும். தோழிக்கு அது தெரிந்திருக்காது.